பாலிஹவுஸ் குடைமிளகாய்: முதல் பூ விடும் நாட்களில் கவாத்தும் நூல் கட்டுதலும்

நட்ட மூன்றாவது, நான்காவது வாரத்தில் குடைமிளகாய்ச் செடி முதல் தடவையாகக் கிளை பிரியும். அந்தக் கவட்டையில் ஒரு வெள்ளைப் பூ விரியும். அதைக் கிள்ளி எறியுங்கள் என்று சொன்னால், புதிதாகப் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் வேய்ந்த குடில்) போட்டவர்களுக்குக் கை வருவதில்லை. கடன் வாங்கிக் குடில் போட்டு, ஒவ்வொரு நாத்துக்கும் காசு எண்ணிக் கொடுத்து நட்டவருக்கு முதல் பூ என்பது முதல் வருமானமாகத்தான் கண்ணில் படும்.

ஆனால் அந்தப் பூவிலிருந்து தொடங்கும் முப்பது நாள் வேலைதான், அதாவது வேண்டாத பூவையும் தளிரையும் கிளையையும் எடுக்கும் கவாத்தும், மீதிக் கிளைகளை மேல் கம்பியோடு நூலில் கட்டுவதும்தான், அடுத்த எட்டு மாதத்தைத் தீர்மானிக்கிறது. ஆந்திராவில், தமிழக எல்லையை ஒட்டிய குப்பம் பக்கம் அரை ஏக்கர் குடிலில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். ராமகுப்பம், வி.கோட்டா பக்கத்திலிருந்தும், இந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி, பர்கூரிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் குடில்களை நானும் பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் செய்கிற வேலை ஒன்றுதான். வரிசை மாறும்போதுதான் சறுக்குகிறார்கள். அதனால் இங்கே வரிசையைத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கம்பி. ஒவ்வொரு மேட்டுப்பாத்திக்கும் மேலே, எட்டு ஒன்பது அடி உயரத்தில், பாத்தியின் நீளத்துக்கு ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்திருக்க வேண்டும். இதை நாத்து நடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். செடி வந்த பிறகு ஏணி வைத்துக் கம்பி இழுத்தால் பாத்தியை மூடியிருக்கும் மல்ச்சிங் ஷீட் கிழியும், செடி மிதிபடும்.

பாரம் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செடி காயும் இலையுமாக 3 கிலோ என்று வைத்தாலே 5,500 செடிக்கு 16 டன்னுக்கு மேல் வருகிறது. அவ்வளவும் அந்தக் கம்பிகளில்தான் தொங்கும். குடில் போட்டவரிடம் பயிர் பாரத்தையும் சேர்த்துத்தான் சட்டம் அமைத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாத்தியின் இரு முனையிலும் தனிக் கம்பம் நட்டு, இடையிடையே முட்டுக் கொடுங்கள்.

நூல். அரை ஏக்கருக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் சுமார் 5,500 செடி பிடிக்கும். செடிக்கு நான்கு கிளை விட்டால் 22,000 நூல். கீழே கட்டவும் மேலே முடியவும் சேர்த்து ஒவ்வொன்றும் 12 அடி. மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நூல். இதை அன்றன்றைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் செடி உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டு ஆணிகளை ஆறடி தள்ளி அடித்து, நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் 12 அடித் துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். மழை நாளில் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

நூல் வெயிலில் இற்றுப்போகாத பிளாஸ்டிக் நூலாக இருக்கட்டும். சணல் கயிறு கட்டிய ஒருவர் குடிலில் ஆறாம் மாதம், காய் முற்றுகிற நேரத்தில், வரிசை வரிசையாகக் கயிறு அறுந்து செடிகள் பாத்தியில் படுத்ததைப் பார்த்தேன். அதைத் தூக்கி நிறுத்த வழியே இல்லை.

இவை தவிர, கூர்மையான சிறு கத்தரி ஆளுக்கு இரண்டு. கழிவு போட மூடிக் கட்டக்கூடிய பை. கை கழுவ வாளி, சோப்பு. ஒரு நோட்டு, பேனா.

2. எத்தனை கிளை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கத்தரியைக் கையில் எடுத்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது. நாத்து நடும்போதே முடிவாகியிருக்க வேண்டும். ஏனென்றால் செடிக்குச் செடி இடைவெளிதான் கிளை எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒரு அடி இடைவெளியில் நட்டிருந்தால் இரண்டு கிளை. ஒன்றரை அடி என்றால் நான்கு வரை விடலாம்.

இரண்டு கிளைச் செடியில் காய் பெரிதாக வரும், வேலை சுலபம், காற்று நன்றாக ஓடும். ஆனால் அதே இடத்துக்கு நாத்து அதிகம் வாங்க வேண்டும். நான்கு கிளையில் நாத்துச் செலவு குறையும், காய் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒரு வாரம் கவாத்து தவறினாலும் உள்ளே புதர் கட்டிவிடும்.

முதல் பயிர் வைப்பவருக்கு என் பேச்சு இரண்டு கிளைதான். நான்கு கிளையில் எந்தக் கிளை வேண்டியது, எது வேண்டாதது என்று கண் பழகவே ஒரு பருவம் ஆகும். அந்தக் கண் வராமல் நான்கு விட்டவர்கள் ஆறு, ஏழு கிளையோடுதான் நின்றார்கள்.

3. கை கழுவாமல் செடியைத் தொடாதீர்கள்

இதை முதல் படியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கவாத்து என்பது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான காயங்களை உண்டாக்கும் வேலை. ஒரு செடியின் சாறு ஒட்டிய விரல் அடுத்த செடியின் காயத்தைத் தொடுகிறது. இலையில் வெளிர்ந்த திட்டுகள் விழும் தேமல் நோயின் வைரஸ்களில் புகையிலைத் தேமல் வகையைச் சேர்ந்தவை பரவுவதற்குப் பூச்சியே தேவையில்லை. கையும் கத்தரியும் துணியும் போதும்.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாவற்றிலும் அந்த வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. புகைத்துவிட்டு வருபவர் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. எங்கள் குடிலில் இது வேலைக்கு வரும் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். வயதில் பெரியவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். "பெரியப்பா, கொஞ்சம் கை கழுவிட்டு வந்துடுங்க" என்று தண்ணீர் வாளியை நாமே எடுத்துக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கொழுப்பு நீக்கிய பால் பவுடரை லிட்டருக்கு 200 கிராம் வீதம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, செடிகளுக்கு இடையே விரலை நனைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பாலின் புரதம் இந்த வைரஸைச் செயலிழக்க வைக்கும். கத்தரிக்கு, வீட்டில் பயன்படுத்தும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரண்டு கத்தரி கேட்டது இதற்குத்தான்: ஒன்று ஊறும்போது மற்றொன்று வேலை செய்யும். பிளீச் இரும்பை அரிக்கும், அதனால் சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கைக்குத் தேய்க்கும் சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வகை வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் சாகாது.

இலை சுருண்ட செடி, தேமல் விழுந்த செடி இருக்கும் வரிசையை முதல் நாளே குச்சி நட்டு அடையாளம் வைத்து, அதைக் கடைசியாகச் செய்யுங்கள். காலையில் எந்த வரிசை கிட்டத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவதுதான் எல்லாருக்கும் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

4. கவட்டைக்குக் கீழே சுத்தம் செய்யுங்கள்

நட்டு 15 முதல் 20 நாளுக்குள் தண்டின் கீழ்ப்பகுதியில், ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் சிறு தளிர்கள் எட்டிப் பார்க்கும். எங்கள் பக்கம் வேலைக்கு வரும் அக்காமார்கள் தெலுங்கில் சிகுரு என்பார்கள். முதல் கவட்டைக்குக் கீழே வரும் சிகுரு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

காரணம் எளிது. வேர் அனுப்பும் சத்து முதலில் இவற்றைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். இவை மண்ணுக்கு அருகில், ஈரத்திலும் நிழலிலும் வளர்வதால் நோய் முதலில் தங்குவதும் இங்கேதான்.

இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் விரலால் பக்கவாட்டில் சாய்த்தாலே பட்டென்று கழன்று வரும். காலை வேளையில், செடி தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கும்போது, இது சுத்தமாக ஒடியும். காயம் சின்னது, வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். பென்சில் கனத்துக்கு வளரவிட்டால் கத்தரி வேண்டும், காயம் பெரிது. அதனால்தான் நாள் தள்ளக் கூடாது என்கிறேன்.

வெட்டும்போது முளை போல மிச்சம் விடாதீர்கள். அரை அங்குல மிச்சம் காய்ந்து அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். அதே சமயம் தண்டின் தோலைச் சேர்த்து உரித்துவிடவும் கூடாது. இலையையும் இப்போது எடுக்காதீர்கள், தளிரை மட்டும். இந்த வயதில் செடிக்கு இருக்கிற சமையலறை அந்தப் பத்துப் பன்னிரண்டு இலைதான்.

5. முதல் பூவை எடுங்கள்

சரி, இப்போது அந்த வெள்ளைப் பூ.

குடைமிளகாய்த் தண்டு நேராக வளர்ந்து, ஒரு உயரத்தில் பூவோடு முடிந்து, இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். அந்த முதல் கவட்டையின் நடுவில் இருக்கும் பூவை மொட்டாக இருக்கும்போதோ விரிந்த உடனேயோ எடுத்துவிட வேண்டும். காம்பை நகத்தால் கிள்ளுங்கள், இழுக்க வேண்டாம். இழுத்தால் கவட்டையில் கீறல் விழும். பின்னால் பாரம் ஏறும்போது செடி பிளக்கும் இடம் சரியாக அதுதான்.

எடுக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, காய் பிடித்தவுடன் செடி தன் சத்தையெல்லாம் அந்தக் காய்க்கே கொடுக்கத் தொடங்கும். அப்போது செடி ஒரு அடி உயரம்கூட இருக்காது, வேரும் முழுதாக ஓடியிருக்காது. அந்த ஒரு காய்க்காக மேல் வளர்ச்சி நின்றுவிடும். வண்ணக் காய்க்கு விட்டால், நிறம் மாறும் வரை அந்தக் காய் செடியிலேயே இருக்கும்.

இரண்டாவது, கவட்டையில் உட்கார்ந்த காய் பெருக்கும்போது இரண்டு பக்கமும் கிளை நெருக்கும். காய் கோணிப்போகும், தழும்பு விழும். சந்தையில் அதற்கு நல்ல காயின் விலை கிடைக்காது. கவட்டையையும் அது விரித்துப் பலவீனமாக்கும். ஆக, விட்டுவைத்தாலும் நல்ல லாபம் இல்லை.

அடுத்த கவட்டைப் பூக்களை என்ன செய்வது? செடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தண்டு கனமாக, இலை அகலமாகக் கரும்பச்சையில் இருந்தால் விடலாம். தண்டு மெலிந்து இலை சிறுத்திருந்தால் இரண்டாவது அடுக்குப் பூவையும் எடுங்கள். இலை மிக அகலமாக, கொழுந்து கட்டுக்கடங்காமல் ஓடினால், பூவை விட்டுவைப்பதுதான் செடியை அடக்கும் வழி. அப்படிப்பட்ட கொழுத்த செடியில் இரண்டாவது அடுக்கையும் கிள்ளினால் அது இலையாகவே போய்க்கொண்டிருக்கும்.

இந்தப் பூ எடுக்கும் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். முதல் நாள் கூடவே நில்லுங்கள். பூவைக் கிள்ளப் பாவமாக இருக்கிறது என்று பாதிச் செடியில் விட்டுவிடுவார்கள். "அண்ணா, நல்லா இருக்குதே இது" என்று காட்டிக் கேட்பார்கள். ஒரு வரிசையில் பாதிச் செடி காயோடும் பாதிச் செடி பூ எடுத்தும் நின்றால், உரமும் தண்ணீரும் யாருக்கு ஏற்றபடி விடுவது?

6. கிளையைத் தேர்ந்தெடுங்கள்

பூ எடுத்து ஒரு வாரம், பத்து நாளில் கிளைகள் நான்கைந்து அங்குலம் வளர்ந்திருக்கும். இப்போதுதான் தேர்வு. அதற்கு முன்பே வெட்டினால் எது பலமான கிளை என்று தெரியாது.

இரண்டு கிளை முறையில், முதல் கவட்டையில் பிரிந்தவற்றில் பலமான இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிரிந்திருந்தால் நடுவில் நேராகப் போவதை எடுத்துவிட்டு, பாத்தியின் இரு பக்கமும் விரிந்தவற்றை விடுவது நல்லது. நடுக்கிளை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை விட்டால் மூன்றும் ஒன்றை ஒன்று நிழலில் தள்ளும்.

நான்கு கிளை முறையில், முதல் கவட்டையின் இரண்டையும் விட்டு, அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும் வரை பொறுங்கள். அந்த நான்குதான் உங்கள் சட்டகம். அதற்கு மேல் ஒரு கிளையும் கூடக் கூடாது.

கிளை வெட்டும்போது கவட்டையை ஒட்டி, ஆனால் கவட்டையின் தோள் போன்ற தடிப்பை விட்டுவிட்டு வெட்டுங்கள். அந்தத் தடிப்பில்தான் காயம் ஆறும். அதையும் சேர்த்துச் சீவினால் குழி விழுந்து தண்ணீர் தங்கும்.

7. நூல் கட்டுதல்

நட்டு நான்கைந்து வாரத்தில் நூல் ஏற வேண்டும். கிளை சாய்ந்த பிறகு நிமிர்த்திக் கட்டுவதைவிட, சாய்வதற்கு முன்பே நூல் இருக்கட்டும். குடைமிளகாய்த் தண்டு தக்காளி போல வளைந்து கொடுக்காது. ஒடியும்.

நேரமும் முக்கியம். காலையில் விறைப்பாக நிற்கும் செடி தளிர் கிள்ளத்தான் நல்லது. அதே விறைப்பில் நூலைச் சுற்றினால் கவட்டையோடு பிளந்து கையில் வரும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி, செடி கொஞ்சம் தளர்ந்த பிறகு நூல் சுற்றுங்கள். காலையில் கவாத்து, மதியம் நூல். இந்த ஒரு மாற்றத்தால் எங்கள் குடிலில் ஒடிந்த கிளைகள் வெகுவாகக் குறைந்தன.

கீழ் முடிச்சை முதல் கவட்டைக்குச் சற்று மேலே, அந்தந்தக் கிளையில் போடுங்கள். முடிச்சு இறுகும் சுருக்காக இருக்கக் கூடாது. இரண்டு விரல் நுழையும் வளையமாக விடுங்கள். இன்றைக்குப் பென்சில் போல இருக்கும் கிளை மூன்று மாதத்தில் கட்டைவிரல் கனம் ஆகும். சுருக்குப் போட்டிருந்தால் நூல் தோலை அறுத்து உள்ளே போய், மேலே இலை வெளுத்து, ஏன் என்றே தெரியாமல் மருந்தாக அடித்துக்கொண்டிருப்போம்.

நூலை மேல் கம்பியில் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கட்டுங்கள். விறைப்பாக இழுக்காமல் லேசான தொய்வு விடுங்கள். பாரம் ஏறினால் கம்பி தாழும், அந்தத் தொய்வு அப்போது சரியாகும்.

சுற்றும் திசை எல்லாச் செடிக்கும் ஒன்றாக இருக்கட்டும். வலமாக என்றால் வலமாகவே. இன்றைக்கு ஒருவர் வலமாகவும் அடுத்த வாரம் வேறொருவர் இடமாகவும் சுற்றினால் பழைய சுற்று அவிழ்ந்து கிளை நழுவும். கொழுந்தை நூலைச் சுற்றிக் கொண்டுபோகாமல், நூலைக் கொழுந்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். கிளையை அசைக்காமல் வேலை முடியும். ஒவ்வொரு இலைக்குக் கீழும் நூல் போக வேண்டும். காய்க்காம்புக்கு மேல் போனால் காய் பெருக்கும்போது காம்பை அறுக்கும்.

நான்கு கிளைக்கு நான்கு நூல். இரண்டு கிளையைச் சேர்த்து ஒரே நூலில் கட்டி நூலை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. உள்பக்கம் வெளிச்சம் போகாது, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேன் அங்கே குடியேறும்.

8. எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு இலை விட்டு

இதற்குப் பிறகு செடியின் பழக்கம் ஒன்றேதான். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பூ, இரண்டு கிளை. இரண்டில் ஒன்று பலமாகவும் மற்றது மெலிந்தும் இருக்கும். பலமானது சட்டகத்தின் தொடர்ச்சி, அதற்கு நூல். மெலிந்ததை நிறுத்த வேண்டும்.

எப்படி நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மெலிந்த கிளையை அடியோடு வழித்து எடுக்காதீர்கள். அதன் முதல் இலையை விட்டு, அதற்கு மேல் கொழுந்தைக் கிள்ளுங்கள். அந்த ஒரு இலை பக்கத்தில் வளரும் காய்க்குக் குடை. எங்கள் பக்கம் வெயில் நேரடியாகக் காயில் விழுந்தால், பாலிஷீட்டுக்குக் கீழே இருந்தாலும், காயின் தோள் வெளுத்துத் தோல் காகிதம் போல ஆகிவிடும். பிறகு அதில் பூஞ்சணம் ஏறும்.

வெயில் காலத்தில், மார்ச் முதல் மே வரை, இரண்டு இலை விட்டே கிள்ளுவேன். மழைக்காலத்தில் ஒன்று போதும். மழை மேகம் பல நாள் நிற்கும் நேரத்தில் வெளிச்சம்தான் பஞ்சம், குடை தேவையில்லை.

எட்டு நாளுக்குள், மிஞ்சினால் பத்து நாளுக்குள், ஒவ்வொரு செடியையும் ஒரு சுற்று வர வேண்டும். இதைக் கிழமை வைத்து ஓட்டுங்கள். குடிலை ஆறு பாகமாகப் பிரித்து, திங்கள் முதல் சனி வரை ஒரு நாளைக்கு ஒரு பாகம். "எல்லாத்தையும் சேர்த்து அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரு சுற்றை விட்டால் அடுத்த சுற்றில் இரண்டு பங்கு பச்சையை வெட்ட வேண்டியிருக்கும். ஒரே நாளில் அவ்வளவு இலையை இழந்த செடி, அதிர்ச்சியில் பூவைக் கொட்டும்.

9. அடி இலைகள்

இதற்கு அவசரம் வேண்டாம். முதல் கவட்டைக்குக் கீழே உள்ள இலைகளை, மேலே காய் பிடித்து இலைக்கூட்டம் நன்றாக அமைந்த பிறகு, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று என்று எடுத்தால் போதும். மண்ணைத் தொடும் இலை, மஞ்சள் விழுந்த இலை, சாம்பல் நோய் விழுந்த இலை முதலில். பச்சையாக வெயில் வாங்கும் இலையை "காத்தோட்டத்துக்காக" என்று உருவாதீர்கள்.

10. கவாத்து நாளில் தண்ணீரும் உரமும்

கவாத்துச் செய்யும் பாகத்தில் அன்று காலை இலை நனையக் கூடாது. பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகரை ஓட்டுவதை நிறுத்துங்கள். பக்கத் திரைகளைச் சீக்கிரமே ஏற்றி விட்டு, இரவில் இலையில் படிந்த ஈரம் காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஈரமான காயத்தில்தான் பூஞ்சணமும் பாக்டீரியாவும் நுழையும். மருந்து அடித்த மறுநாளும் ஆட்களை உள்ளே விடாதீர்கள். டப்பாவில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் பொறுங்கள். இது செடிக்காக இல்லை, நாள் முழுக்க இலைக்குள் கை விட்டு நிற்கும் அந்த அக்காமார்களுக்காக.

சொட்டுநீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், சீராக விடுங்கள். ஒரு நாள் காய்ச்சி மறுநாள் வெள்ளம் விட்டால் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழியும். சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராத நோய் அது. தண்ணீரோடுதான் கால்சியம் பயணம் செய்கிறது.

பூ விடும் கட்டத்தில் தழைச்சத்தைக் குறைத்து சாம்பல்சத்தைக் கூட்ட வேண்டும். தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 உரம் விட்டுக்கொண்டிருந்தவர்கள், சாம்பல்சத்து மிகுந்த 13:0:45 பக்கம் படிப்படியாக நகர வேண்டிய நேரம் இது. கவாத்துச் செய்த கையோடு தழைச்சத்தை அள்ளி விட்டால், கிள்ளிய ஒவ்வொரு இடத்திலும் புதுச் சிகுரு இரண்டு வரும், வேலை இரட்டிக்கும். கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில், தனித் தொட்டியில் விடுங்கள். மணிச்சத்தோ சல்பேட்டோ உள்ள உரத்தோடு அதைக் கலந்தால் சுண்ணாம்பு போலப் படிந்து, தண்ணீர் சொட்டும் துளையான டிரிப்பர் அடைக்கும்.

11. பூ கொட்டினால் கவாத்தைக் குறை சொல்லும் முன்

பகல் வெப்பம் குடிலுக்குள் 32 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் மகரந்தம் வேலை செய்யாது, பூ உதிரும். செடி உயரத்தில், நிழலில், ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள். வாசலில் மாட்டியதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிழல்வலையை மதியம் மட்டும் இழுத்து, காலையிலும் மாலையிலும் திறந்து விடுங்கள். நாள் முழுக்க மூடி வைத்தால் வெளிச்சக் குறைவாலும் பூ உதிரும்.

மார்கழிக் குளிர் வேறு கதை. இரவு 16 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் பூ நிற்கும், ஆனால் விதையில்லாமல் தட்டையாக, கோணலாகக் காய் பிடிக்கும். அந்தக் காயை விட்டு வளர்த்துப் பயனில்லை, நெல்லிக்காய் அளவிலேயே எடுத்துவிடுங்கள்.

வெப்பமும் சரி, தண்ணீரும் சரி என்றால் பூவைப் பிய்த்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். நூல் போல ஊர்ந்தால் இலைப்பேன். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு கொழுந்து சிறுத்துத் தடித்தால் சிலந்திப் பேன் என்று முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. பேன் மருந்தைச் சிலந்திக்கு அடித்துக் காலம் போக்கியவர்கள் நிறைய. மஞ்சள், நீல ஒட்டுப்பொறிகளைச் செடியின் கொழுந்து உயரத்தில் வைத்து, செடி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள். நட்ட நாளில் கட்டிய இடத்திலேயே மூன்று மாதம் தொங்கும் பொறியில் எதுவும் விழாது.

காலை பத்து மணி வாக்கில் மேல் கம்பியை ஒரு குச்சியால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் மகரந்தம் நன்றாக உதிரும். திறந்த வயலில் காற்று செய்கிற வேலை, உள்ளே நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

12. கிள்ளியதை நடைபாதையில் போடாதீர்கள்

கொழுந்திலும் பூவிலும்தான் பேன் அதிகம் இருக்கும். கிள்ளிக் கீழே போட்டால் அது வாடும்போது பேன் இறங்கிப் பக்கத்துச் செடியில் ஏறும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பை, நிறைந்ததும் வாய் கட்டி வெளியே. குடிலிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். மாட்டுக்குப் போடலாமே என்று கேட்பார்கள். மருந்து அடித்த தழை அது, மாட்டின் வழியாக நம் பாலுக்கே வரும். போடாதீர்கள்.

13. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

முதல் காயைச் சாமிக்கு வைக்க வேண்டும் என்று விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் தடுக்கவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு செடியைச் சாமிக்கென்று நேர்ந்துவிடுங்கள், அதில் முதல் பூவைத் தொடாதீர்கள். மற்ற எல்லாச் செடியிலும் எடுத்துவிடுங்கள். இப்படிச் சொன்ன பிறகு பூ எடுக்க மறுத்தவர் ஒருவரும் இல்லை. அந்தச் செடி மற்றவற்றைவிட எவ்வளவு குட்டையாக நிற்கிறது என்று மூன்றாம் மாதம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

தக்காளி வைத்துப் பழகியவர்கள் கக்கத்தில் வருவதையெல்லாம் வழித்துவிடுவார்கள். குடைமிளகாயில் வளர்ச்சியே இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் போகிறது. கக்கத்துத் தளிர் என்று நினைத்து இரண்டையும் எடுத்துவிட்டால் அந்தக் கிளைக்குத் தலையே இருக்காது. பக்கத்து ஊரில் ஒரு தம்பி கால் ஏக்கரில் இப்படிச் செய்துவிட்டுப் போன் செய்தான். மிச்சமிருந்த கணுக்களிலிருந்து புதுத் தளிர் வரவைத்து, மறுபடி சட்டகம் அமைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆளுக்கு ஒரு கணக்கு. கிளை எண்ணிக்கையை வாயால் சொன்னால் போதாது. ஒவ்வொரு பாத்தியின் முதல் செடியையும் நீங்களே கவாத்துச் செய்து மாதிரியாக நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் அவர்கள் அந்தச் செடியைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நோட்டு எழுதாமல் விடுவது. எந்தத் தேதியில் எந்தப் பாகம், எத்தனை ஆள், பூ எப்படி, எந்த வரிசையில் சுருட்டல் என்று நான்கு வரி போதும். ஆறாவது சுற்றில் ஏதாவது கெடும்போது நான்காவது சுற்றில் என்ன நடந்தது என்று பார்க்க அதைவிட வேறு வழி கிடையாது.

14. கிளை ஒடிந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நூல் சுற்றும்போது சில கிளைகள் பிளக்கும். முழுதாக அறுந்து தொங்கினால் கவட்டையை ஒட்டிச் சுத்தமாக வெட்டிவிட்டு, அதே செடியில் அடுத்துக் கிள்ளவிருந்த மெலிந்த கிளை ஒன்றை அந்த இடத்துக்கு வளர விடுங்கள். இரண்டு வாரத்தில் அது நூலைப் பிடித்துக்கொள்ளும்.

தோல் ஒரு பக்கமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்ட வேண்டாம். உடனே, காயம் காய்வதற்கு முன், கிளையைப் பழைய இடத்தில் பொருத்தி, ஒட்டுக்கட்டும் நாடாவையோ இன்சுலேஷன் டேப்பையோ கவட்டையைச் சேர்த்து நாலைந்து சுற்று சுற்றுங்கள். அந்தக் கிளையின் நூலைக் கொஞ்சம் இறுக்கி, பாரம் கவட்டையில் விழாதபடி தூக்கிப் பிடிக்கச் செய்யுங்கள். அதில் இருக்கும் பூக்களை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் மதியத்தில் இலை தொங்கும். காலையில் நிமிர்ந்து நின்றால் பிடித்துக்கொண்டது என்று பொருள். மூன்றாவது நாள் காலையிலும் தொங்கினால் வெட்டிவிடுங்கள். பையில் ஒரு டேப் சுருள் எப்போதும் இருக்கட்டும். அதை எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வெட்டுவாய் காய்ந்துவிடும்.